சமையலறை சீலிங்கில் பெயின்ட் உரிந்தால்: ஒட்டுப் போடுவதா, முழுக்க எடுப்பதா, மூடிவிடுவதா?

சமையலறை சீலிங்கில் பெயின்ட் உரியத் தொடங்கினால் பெரும்பாலும் எல்லோரும் செய்வது ஒன்றுதான். தொங்குகிற இடத்தைச் சுரண்டிவிட்டு, வீட்டில் மிச்சம் இருக்கும் பெயின்ட்டை ஒரு கோட் அடித்துவிடுவோம். நானும் அதைத்தான் செய்தேன். நான்கைந்து மாதத்தில், அடித்த இடத்தைச் சுற்றி வட்டமாக மறுபடியும் பொருக்கு எழும்பியது. அதையும் சுரண்டி அடித்தேன். அடுத்த முறை வட்டம் இன்னும் பெரிதானது. மூன்றாவது முறை, வேறு வேலையாக வீட்டுக்கு வந்திருந்த வயதான பெயின்டர் ஒருவர் கீழே விழுந்து கிடந்த செதில் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அதன் பின்பக்கத்தைக் கட்டைவிரலால் தேய்த்து, விரலை என்னிடம் காட்டினார். விரல் முழுக்க வெள்ளைப் பொடி. "பெயின்ட் மேல தப்பு இல்லை சார். அது பிடிச்சுக்கிட்டிருந்த பொடிதான் கைவிட்டுடுச்சு" என்றார்.

அதற்குப் பிறகு இந்த விஷயத்தைக் கொஞ்சம் ஆழமாகப் படித்தும், செய்து பார்த்தும் தெரிந்துகொண்டேன். உரிந்த சீலிங்கைச் சரிசெய்ய நம் முன்னால் இருக்கும் வழிகள் அதிகமில்லை. உரிந்த இடத்துக்கு மட்டும் ஒட்டுப் போடலாம். தளர்ந்ததை எடுத்துவிட்டு மிச்சத்தை ஒரு சீலர் கொண்டு இறுக்கி அதன் மேல் பட்டி (பரப்பைச் சமன்செய்யும் மாவு) பார்க்கலாம். பெயின்ட்டுக்கு அடியில் உள்ள பூச்சு தெரியும்வரை பழைய பெயின்ட் முழுவதையும் எடுக்கலாம். அல்லது கீழே ஒரு ஃபால்ஸ் சீலிங் போட்டு மூடிவிடலாம். இதில் எது நல்லது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. எந்த அடுக்கு கைவிட்டது, தண்ணீர் இன்னும் வந்துகொண்டிருக்கிறதா என்ற இரண்டும் தெரிந்துவிட்டால் பதில் தானாகவே வந்துவிடும். அதனால் கடைக்குப் போவதற்கு முன் ஒரு வாரமாவது, கறை இருந்தால் மூன்று வாரம், சோதனைக்கு ஒதுக்குங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது.

செதிலின் பின்பக்கம்

உள்ளங்கை அகலத்துக்கு ஒரு செதிலை முழுசாக எடுங்கள். நல்ல வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள்.

பின்பக்கம் வெள்ளைப் பொடியாக, தொட்டால் விரலில் ஒட்டினால், அடியில் இருப்பது சுண்ணாம்பு அல்லது பழைய டிஸ்டெம்பர். இவற்றுக்குத் தன் எடையைத் தாங்கும் அளவுக்குத்தான் பிடிப்பு உண்டு. அதன் மேல் எமல்ஷன் என்ற நீர் வகைப் பெயின்ட்டை அடிக்கும்போது, அது காயக் காயச் சுருங்கி அடியில் இருப்பதை இழுக்கிறது. பொடி அடுக்கு அந்த இழுப்புக்கு ஈடு கொடுக்காது. அன்றைக்கே உரியாது. நீராவி ஏறி இறங்கி, வெயிலும் குளிரும் மாறி மாறிப் பட்டு, ஓரிரண்டு வருடம் கழித்துக் கைவிடும். சந்தேகம் இருந்தால், செதில் விழுந்த இடத்தை ஈரத் துணியால் நாலைந்து முறை தேயுங்கள். குழைந்து துணியோடு வந்தால் டிஸ்டெம்பர்.

பின்பக்கம் வழவழப்பாக, சீலிங்கில் தெரியும் இடமும் பளபளப்பாக இருந்தால், அடியில் ஆயில் பெயின்ட் இருக்கிறது. மெருகைத் தேய்த்து எடுக்காமல் அதன் மேல் நீர் வகைப் பெயின்ட்டை யாரோ அடித்திருக்கிறார்கள். இதை உறுதிசெய்ய ஒரு பஞ்சில் மெத்திலேட்டட் ஸ்பிரிட்டைத் தொட்டு அந்தப் பளபளப்பில் தேய்க்கலாம். நிறம் பஞ்சில் ஏறினால் நீர் வகை, ஏறாவிட்டால் ஆயில்.

பின்பக்கம் மஞ்சளாகப் பிசுபிசுத்தால், எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவாமலே பெயின்ட் அடிக்கப்பட்டிருக்கிறது. இது அடுப்புக்கு நேர் மேலே அதிகமாகவும் மூலைகளில் குறைவாகவும் இருக்கும். சீலிங்கில் ஒரு சொட்டுத் தண்ணீரைத் தடவிப் பாருங்கள். பரவாமல் முத்து முத்தாக நின்றால் பிசுக்கு இருக்கிறது என்று பொருள்.

செதிலோடு பட்டியும் சேர்ந்து வந்தால் பட்டி நனைந்து இளகியிருக்கிறது. பூச்சே கட்டியாக வந்தாலோ, கூடவே வெள்ளைப் பஞ்சு போன்ற உப்பு பூத்திருந்தாலோ, தண்ணீர் சீலிங்கின் கான்கிரீட் தளத்துக்குள்ளிருந்து வருகிறது. சிமெண்ட்டில் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு வரும் தண்ணீர், வெளியே வந்து ஆவியாகும்போது உப்பை மட்டும் விட்டுவிட்டுப் போகிறது. அந்தப் படிகம் வளர்ந்துதான் பெயின்ட்டைத் தள்ளுகிறது.

செதில் கெட்டியாக, தபால் அட்டை மாதிரி இருந்தால், அடித்த கோட்டுகளை எண்ணிப் பாருங்கள். பிளேடால் ஓரத்தைச் சாய்வாகச் சீவினால் அடுக்கடுக்காகத் தெரியும். ஒரு கோட் காய்ந்த பிறகு சுமார் 30 முதல் 40 மைக்ரான்தான் இருக்கும், தலைமுடியின் பாதித் தடிமன். ஆனால் பத்துப் பன்னிரண்டு கோட் சேர்ந்தால் அது ஓடு மாதிரி ஆகிவிடுகிறது. ஒவ்வொரு புதுக் கோட்டும் கீழே இருப்பதை இன்னும் கொஞ்சம் இழுக்கிறது.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பழைய வீடு என்றால் அடி அடுக்குகளில் ஈயம் கலந்த பெயின்ட் இருக்க வாய்ப்புண்டு. புதிய பெயின்ட்டுக்கு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் ஈய வரம்பு 90 பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்தில் 90 பங்கு. அந்தக் காலப் பெயின்ட்டில் இதைவிடப் பல மடங்கு இருந்திருக்கிறது. வீட்டில் குழந்தைகளோ கர்ப்பிணியோ இருந்தால் ஒரு செதிலைப் பரிசோதனைக் கூடத்துக்குக் கொடுத்துப் பார்த்துவிட்டே சுரண்டுங்கள். ஈயம் இருப்பது உறுதியானால் உலர்வாகத் தேய்க்கவே கூடாது. சீலிங்கில் பொரிபொரியாக அலங்காரப் பூச்சு இருந்தால் அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அதையும் தொடுவதற்கு முன் பார்த்துவிட வேண்டும்.

தண்ணீர் மேலேயிருந்தா, கீழேயிருந்தா?

சமையலறையில் இந்தக் கேள்வி மற்ற அறைகளைவிடச் சிக்கலானது. காரணம், இங்கே இரண்டு பக்கமிருந்தும் தண்ணீர் வரலாம்.

கீழிருந்து வரும் நீராவியை நாம் குறைத்தே மதிப்பிடுகிறோம். கொதிக்கும் பாத்திரத்திலிருந்து வருவது கண்ணுக்குத் தெரிகிறது. அடுப்பிலிருந்து வருவது தெரிவதில்லை. ஒரு கிலோ எல்.பி.ஜி. எரிந்தால் சுமார் 1.6 கிலோ தண்ணீர் ஆவியாகக் காற்றில் சேர்கிறது. வாயுவில் உள்ள ஹைட்ரஜன் காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து உண்டாகும் தண்ணீர் அது. ஒரு சிலிண்டர் தீரும்போது அதில் இருந்த வாயுவின் எடையைவிட அதிகமான தண்ணீர் சமையலறைக் காற்றுக்குள் போயிருக்கிறது. அறை 30 டிகிரியும் ஈரப்பதம் 80 விழுக்காடுமாக இருந்தால், 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் படியும். இரவில் குளிர்ந்துபோன மேல்தளத்துக்குக் கீழே, விடிந்ததும் அடுப்பைப் பற்றவைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இரண்டையும் பிரித்தறிய மிக எளிமையான சோதனை ஒன்று உண்டு. 45 சென்டிமீட்டர் சதுரத்துக்கு ஒரு தெளிவான பாலித்தீன் தாளை, உரிந்த இடத்துக்குப் பக்கத்தில் நன்றாக இருக்கும் பகுதியில் வைத்து, நான்கு ஓரமும் காற்றுப் போகாதபடி டேப் ஒட்டுங்கள். ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள், வழக்கம்போல் சமையுங்கள். தாளின் அறைப்பக்கம் நனைந்தால் நீராவி. தாளுக்கு உள்பக்கம், அதாவது தளத்தை ஒட்டிய பக்கம், முத்து கோத்திருந்தால் தண்ணீர் தளத்துக்குள்ளிருந்து வருகிறது. இரண்டு பக்கமும் நனைந்தால் இரண்டு வேலையும் உங்களுக்கு இருக்கிறது.

கறை இருந்தால் அதன் விளிம்பைச் சுற்றிப் பென்சிலால் மெல்லிய கோடு போட்டு, பக்கத்தில் தேதியையும் எழுதிவையுங்கள். மூன்று வாரத்தில் கறை கோட்டைத் தாண்டினால் கசிவு நடந்துகொண்டிருக்கிறது. மழைக்குப் பின் மட்டும் தாண்டினால் மேல்தளம், மழையே இல்லாமல் தாண்டினால் மேலே இருக்கும் குளியலறையோ குழாயோ. குளியலறைத் தரையைச் சோதிக்க, வடிகாலை அடைத்துவிட்டு இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தி 24 மணி நேரம் பார்ப்பார்கள். குழாய் கசிகிறதா என்று தனியாகப் பார்க்க, எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டர் ஓடுகிறதா என்று கவனித்தால் போதும்.

கடைசியாக, ஒரு ஸ்குரூடிரைவரின் கைப்பிடியால் சீலிங்கைத் தட்டிக்கொண்டே போங்கள். 'டக் டக்' என்று கெட்டியாகக் கேட்க வேண்டும். 'டொப்' என்று பொள்ளலாகக் கேட்டால் பூச்சு தளத்தை விட்டு விலகியிருக்கிறது. நேர்க்கோட்டில் விரிசலும் துருக் கறையும் தெரிந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கிறது. இரும்பு துருவாக மாறும்போது இரண்டு முதல் ஆறு மடங்கு வரை பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும். அந்த நிலையில் பெயின்ட்டைப் பற்றிய பேச்சே வேண்டாம். கட்டடப் பொறியாளரை அழைத்துக் காட்டுங்கள், அதுவரை அந்த இடத்துக்குக் கீழே யாரும் நின்று சமைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒட்டுப் போடுவது

சரி, சோதனை முடிந்தது, தண்ணீரும் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதல் வழி ஒட்டு.

இது ஒரே ஒரு நிலையில்தான் சரி: உரிந்ததற்கான காரணம் அந்த இடத்தோடு முடிந்துவிட வேண்டும். ஒரு முறை குழாய் கசிந்தது, சரிசெய்தாயிற்று. அடுப்புக்கு மேல் மட்டும் பிசுக்கு இருந்தது. இப்படிப்பட்டவை ஒட்டுக்கு உகந்தவை. எல்லா இடத்திலும் அடியில் சுண்ணாம்புப் பொடி இருக்கும்போது ஒட்டுப் போடுவதில் பயனே இல்லை. நான் மூன்று முறை செய்தது அதுதான். புதுப் பெயின்ட்டில் உள்ள தண்ணீர், ஒட்டின் விளிம்பில் இருக்கும் பழைய பெயின்ட்டுக்கு அடியில் ஊறுகிறது, காயும்போது அதை இழுக்கிறது. ஒட்டைச் சுற்றி வட்டமாக உரிவதன் காரணம் இதுதான்.

ஒட்டுக்கு உகந்ததா என்று பார்க்க, நன்றாக இருப்பதாகத் தோன்றும் இடத்தில் பிளேடால் பெருக்கல் குறி போட்டு, அதன் மேல் நல்ல டேப்பை அழுத்தித் தேய்த்து ஒட்டி, வெடுக்கென்று இழுங்கள். சீலிங்கின் நான்கு மூலையிலும் நடுவிலுமாக ஐந்து இடத்தில் செய்து பாருங்கள். டேப் சுத்தமாக வந்தால் ஒட்டுப் போடலாம். ஓரிடத்தில் பெயின்ட் வந்தால் அந்தப் பகுதியைப் பெரிதாக்கிச் சுரண்டலாம். மூன்று இடத்தில் வந்தால் ஒட்டு என்ற எண்ணத்தையே விட்டுவிடுங்கள்.

வேலையில் எல்லாமே விளிம்புதான். சுரண்டியை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, பெயின்ட்டுக்கு அடியில் நுழைத்துத் தள்ள வேண்டும். இனிமேல் நுழையாது என்ற இடத்தில் நிறுத்தி, 120 எண் உப்புத்தாளால் விளிம்பைச் சாய்வாகத் தேய்க்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினால் படி தட்டக் கூடாது. தட்டினால், மேலே எத்தனை கோட் அடித்தாலும் மாலை வெயில் சாய்வாக விழும்போது அந்த ஒட்டு தனியாகத் தெரியும்.

ஒரு நாள், இரண்டு நாளில் முடிகிற வேலை இது. செலவும் மிகக் குறைவு. ஆனால் ஒட்டுப் போட்ட பின் சீலிங் முழுவதற்கும் ஒரு கோட் அடிக்கத் தயாராக இருங்கள். சமையலறைச் சீலிங்கின் வெள்ளை சில வருடத்தில் மஞ்சளடித்திருக்கும், அதே டப்பா பெயின்ட்டை அடித்தாலும் நிறம் சேராது.

இறுக்கிப் பட்டி பார்ப்பது

இதைப் பற்றிப் பலருக்குத் தெரிவதில்லை. தளர்ந்ததையெல்லாம் எடுத்த பிறகு, ஓரளவு பிடிப்போடு இருப்பதன் மேல், ஊடுருவிப் போய் இறுக்கும் சீலர் ஒன்றை அடிக்கிறோம். அது பொடிக்குள்ளும் விளிம்புக்கு அடியிலும் இறங்கிக் காய்ந்து எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்கும். அதன் மேல் மெல்லிசாக இரண்டு கோட் பட்டி, தேய்ப்பு, பெயின்ட்டுக்கு அடியில் போகும் ப்ரைமர், பெயின்ட்.

அடியில் லேசான பொடி இருந்து, டேப் சோதனையில் ஓரிரு இடம் மட்டும் வந்த சீலிங்குக்கு இது நல்ல வழி. முழுக்க எடுப்பதில் பாதி உழைப்புகூட ஆகாது. ஆனால் இது ஒரு பந்தயம் மாதிரிதான். சீலர் எவ்வளவு ஆழம் இறங்குகிறதோ அவ்வளவுதான் பிடிப்பு. தடிமனான டிஸ்டெம்பர் அடுக்கின் மேல்தோல் மட்டும் இறுகி, அடியில் பொடி அப்படியே இருந்தால், இப்போது பட்டியின் எடையும் சேர்ந்து பெரிய பெரிய தகடாகக் கீழே விழும். அதனால் டிஸ்டெம்பர் குழைந்து வருகிற சீலிங்கில் இந்த வழியை நான் சொல்ல மாட்டேன். அதைக் கழுவித்தான் எடுக்க வேண்டும்.

முழுக்க எடுப்பது

உடம்பு வலிக்கும், வீடு தூசியாகும், நாலைந்து நாள் சமையலறை நமக்கு இல்லை. இருந்தும் அடியில் பொடி இருக்கிற சீலிங்குக்கும், பத்துக் கோட்டுக்கு மேல் ஏறிய சீலிங்குக்கும் என் கட்சி இதுதான். மற்ற வழிகளில் பழைய அடுக்கின் பலவீனத்தை நாம் கூடவே எடுத்துக்கொண்டு போகிறோம். இதில் அதைக் கீழே இறக்கி வைத்துவிட்டு ஆரம்பிக்கிறோம்.

பயப்படுகிற அளவுக்குக் கஷ்டமும் இல்லை. டிஸ்டெம்பரும் சுண்ணாம்பும் உலர்ந்திருக்கும்போதுதான் புழுதி பறக்கும். வெந்நீரைத் தெளிப்பானில் நிரப்பி ஒரு சதுர மீட்டர் அளவுக்கு நனைத்து, பத்து நிமிடம் ஊறவிட்டு அகலப் பட்டித் தகடால் தள்ளினால் வெண்ணெய் மாதிரி சுருண்டு வரும். முதல் முறை அது அப்படி வந்தபோது, முன்னால் மூன்று முறை உலர்வாகச் சுரண்டியதை நினைத்துக்கொண்டேன். மேல் அடுக்கு எமல்ஷன் தண்ணீரை உள்ளே விடாது. அதனால் முதலில் பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிவிட்டு நனைக்க வேண்டும். நனைப்பதற்கு முன் சீலிங் விளக்கு, ஃபேன் இரண்டுக்கும் உள்ள மின்சாரத்தை மெயினிலேயே நிறுத்திவிடுங்கள். கண்ணாடி அணியாமல் மேலே நிமிராதீர்கள். சுண்ணாம்பு கண்ணில் விழுந்தால் வெறும் எரிச்சலோடு நிற்காது, விழியையே அது புண்ணாக்கும்.

அடியில் இருப்பது ஆயில் பெயின்ட் என்றால் அதை எடுக்கத் தேவையில்லை. அது தளத்தை நன்றாகப் பிடித்துக்கொண்டிருந்தால் அதன் மேல் இருக்கும் நீர் வகை அடுக்கை மட்டும் எடுத்துவிட்டு, மெருகு போகத் தேய்த்து, பிடிப்புத் தரும் ப்ரைமர் அடித்தால் போதும். பழைய ஆயில் பெயின்ட் என்றால் ஈயம் பற்றி மேலே சொன்னது இங்கே இரட்டிப்பாகப் பொருந்தும். நனைத்த உப்புத்தாளால் மட்டுமே தேயுங்கள்.

எடுத்து முடித்ததும் பூச்சு ஈரமாக இருக்கும். அன்றைக்கே பட்டி போடக் கை துறுதுறுக்கும். பொறுக்க வேண்டும். கழுவிய ஈரம் ஓரிரு நாளில் காய்ந்துவிடும், ஆனால் கசிவில் ஊறிய தளம் காய வாரக்கணக்கில் ஆகும். பாலித்தீன் தாளை மறுபடி ஒட்டிப் பார்த்து, உள்பக்கம் உலர்ந்திருந்தால் மட்டும் அடுத்த வேலை. புதிதாகப் பூசிய சிமெண்ட் பூச்சு என்றால் 28 நாள் விடுவது வழக்கம். அதற்குள் சிமெண்ட்டின் காரம் முழுதாகத் தணிந்துவிடாது, ஆனால் பெயின்ட் தாங்குகிற நிலைக்கு வரும்.

மூடிவிடுவது

ஃபால்ஸ் சீலிங் போட்டால் அழகாகிவிடும், பழைய பிரச்சினை கண்ணுக்குத் தெரியாது. அந்தத் தெரியாமல் போவதுதான் எனக்கு உறுத்துகிறது. கசிவு நிற்காத தளத்துக்குக் கீழே ஜிப்சம் பலகையை மாட்டினால், தண்ணீர் சொட்டுவதை நாம் பார்க்கும்போது பலகை ஊறி, மேலே பூஞ்சணம் படர்ந்து, கம்பி இன்னும் துருவேறியிருக்கும். அதுவரை எந்த அறிகுறியும் கிடைக்காது.

தளம் உலர்ந்தது, கெட்டியானது, ஆனால் பல வருட ஒட்டுகளால் மேடு பள்ளமாகிவிட்டது என்றால் மூடுவது நியாயமான தேர்வு. அப்போதும் ஈரம் தாங்கும் வகை ஜிப்சம் பலகை என்று கேட்டு வாங்குங்கள். சட்டத்தைத் தளத்தோடு திருக வேண்டும், உரியும் பூச்சோடு திருகக் கூடாது. உயரம் குறைந்தது பத்து சென்டிமீட்டர் போகும். பி.வி.சி. பலகை தண்ணீருக்கு அஞ்சாது, துடைக்கவும் எளிது. ஆனால் அது 80 டிகிரியை நெருங்கும்போதே இளகத் தொடங்கும், அதனால் உயரம் குறைந்த அறையில் அடுப்புக்கு நேர் மேலே அதை நான் வைக்க மாட்டேன். எந்தப் பலகையானாலும் கழற்றிப் பார்க்கிற மாதிரி ஒரு திறப்பு விடச் சொல்லுங்கள். குழாய் போகும் இடத்துக்குக் கீழே அந்தத் திறப்பு இருந்தால் இன்னும் நல்லது.

ப்ரைமரில் எது, பெயின்ட்டில் எது

ஒட்டானாலும் முழு வேலையானாலும் கடைசியில் இந்தக் கேள்வி வரும். பெயின்ட்டின் பெயரைவிட ப்ரைமர்தான் முக்கியம்.

நீர் வகை அக்ரிலிக் ப்ரைமர் வாசனை குறைவு, சிமெண்ட்டின் காரத்தைத் தாங்கும். சுத்தமான பூச்சுக்கும் புதுப் பட்டிக்கும் இதுவே சரி. ஆனால் தண்ணீர்க் கறையையும் பிசுக்குக் கறையையும் இது மறைக்காது. மூன்று கோட்டுக்குப் பிறகும் அந்தப் பழுப்பு வளையம் மேலே வந்து நிற்கும். ஆயில் ப்ரைமர் கறையை அடக்கும், மிச்சப் பொடியையும் நன்றாக இறுக்கும், பழைய சீலிங்குக்கு ஏற்றது. புதுச் சிமெண்ட்டின் மேல் அதை அடிக்கக் கூடாது. காரமும் எண்ணெயும் சேர்ந்தால் சோப்பாகும், பெயின்ட்டுக்கு அடியிலும் அதேதான் நடக்கும், பிசுபிசுத்து உரியும். அரக்கிலிருந்து செய்யும் ஷெல்லாக் ப்ரைமர் கறைக்கு மிக வலுவானது, ஒரு மணி நேரத்துக்குள் காய்ந்துவிடும், கருகிய வாசனையைக்கூட அடக்கும். வாடை மூக்கைத் துளைக்கும், தீப்பற்றும், அதனால் அடுப்பை அணைத்து ஜன்னலைத் திறந்து வைத்து, கறை உள்ள இடத்துக்கு மட்டும் போதும்.

பட்டியிலும் ஒரு வார்த்தை. ஜிப்சம் பட்டி தேய்க்கச் சுகமாக இருக்கும், ஈரத்தில் இளகிவிடும். சமையலறைக்கு வெள்ளை சிமெண்ட் பட்டிதான். மெல்லிசாக இரண்டு முறை போடுங்கள், ஒரே முறையில் தடிமனாக அப்பினால் காயும்போது வெடிக்கும்.

மேல் பெயின்ட்டுக்கு, பளபளப்பே இல்லாத முழு மேட் வேண்டாம். மேட் பரப்பு மேடு பள்ளத்தை மறைக்கும், ஆனால் பிசுக்கைப் பிடித்துக்கொண்டு துடைக்க விடாது. சாட்டின் அல்லது மென்பளபளப்பு வகை துடைக்கத் தாங்கும், ஆனால் மேடு பள்ளம் தெரியும். பட்டி வேலையில் நம்பிக்கை இருந்தால் சாட்டின், இல்லாவிட்டால் துடைக்கத்தக்க மேட் என்று எழுதியிருப்பது. பூஞ்சணத்தைத் தடுக்கும் பெயின்ட் உதவும், அடியில் ஏற்கெனவே இருக்கும் பூஞ்சணத்தை அது கொல்லாது. ஒரு லிட்டர் தண்ணீரில் 60 மில்லிக்கு மேற்படாமல் ப்ளீச் கலந்து தடவி, ஊறவிட்டு, கழுவிக் காயவைத்த பிறகுதான் பெயின்ட். ப்ளீச்சோடு அம்மோனியாவையோ அமிலக் கிளீனரையோ சேர்த்துவிடாதீர்கள், நச்சு வாயு வரும்.

காற்று போகிற வழி

பாலித்தீன் சோதனையில் அறைப்பக்கம் நனைந்தவர்கள், பெயின்ட் செலவைத் தொடங்குவதற்கு முன்பே காற்றோட்டத்தைச் சரிசெய்ய வேண்டும். இங்கே ஒரு ஏமாற்றம் அடிக்கடி நடக்கிறது. சிம்னிகளில், காற்றை இழுத்துக் கரி வடிகட்டி வழியாக மறுபடி அறைக்குள்ளேயே விடும் வகை ஒன்று உண்டு. அது பிசுக்கையும் வாசனையையும் குறைக்கும். நீராவியை ஒரு சொட்டுக்கூட வெளியேற்றாது. சீலிங் உரிவதற்காகச் சிம்னி வாங்குவதாக இருந்தால் குழாய் வெளியே போகும் வகைதான் வேண்டும். அந்த வசதி இல்லையென்றால் சுவரின் மேற்பகுதியில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன், எதிர்ப்பக்கம் கொஞ்சம் திறந்த ஜன்னல். அடுப்பைப் பற்றவைக்கும்போதே ஃபேனையும் போட்டு, அணைத்த பிறகும் கால் மணி நேரம் ஓடவிடுங்கள். சின்னதாக ஒரு ஈரப்பதமானி வாங்கி அலமாரியில் வைத்தால், சமைத்து முடித்து ஒரு மணி நேரத்தில் அளவு 60க்குக் கீழே வருகிறதா என்று தெரிந்துவிடும்.

நீராவி மட்டுமே காரணமாக இருந்து, டேப் சோதனையிலும் சீலிங் தேறிவிட்டால், ஃபேனைப் போட்டுவிட்டு இரண்டு மாதம் சும்மா இருங்கள் என்றுகூடச் சொல்வேன். உரிவது அதோடு நின்றுவிட்டால் பின்னால் ஒரு ஒட்டே போதும்.

ஒரு சதுர அடி முன்னோட்டம்

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும், பெயின்டரைக் கூப்பிட்டாலும் நீங்களே செய்தாலும், முதலில் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு சதுர அடி மட்டும் முழுதாகச் செய்து பாருங்கள். சுரண்டி, ப்ரைமர், பட்டி, பெயின்ட் எல்லாம் அதே வரிசையில். ஒரு வாரம் சமையுங்கள். பிறகு பெருக்கல் குறி, டேப், ஒரு இழுப்பு. சீலிங் முழுவதற்கும் பொருள் வாங்குவதற்கு முன் இந்த ஒரு வாரத்தைக் கொடுக்க மறுக்கும் ஆளிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். ஆளைப் பேசும்போது விழுந்த செதிலைக் கையில் கொடுங்கள். திருப்பிப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள்.

என் சமையலறையில் கடைசியில் பாதிச் சீலிங்கைப் பூச்சுவரை எடுத்தோம், பொடி இல்லாத மறுபாதியைக் கழுவித் தேய்த்து அப்படியே வைத்துக்கொண்டோம். இரண்டும் சேரும் இடத்தில் இரண்டடி அகலத்துக்குப் பட்டியை இழுத்துவிட்டதால் கோடு தெரியவில்லை. பெயின்ட் அடித்து ஒரு நாள் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. அதன் பிறகும் ஒரு மாதம் சீலிங்கைத் துடைக்காமல் விட்டோம். தொட்டால் காய்ந்ததுபோல் தெரிந்தாலும் எமல்ஷன் முழுதாக இறுக அவ்வளவு நாள் ஆகும் என்று அந்தப் பெயின்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.